செத்த பாக்டீரியாவின் மெமரி கார்டு: ஆஸ்வால்ட் ஏவரி என்ற அமைதியான ஆளின் கதை

உங்க பழைய போன் ஒண்ணு செத்துப்போய் டிராயர்ல கிடக்குன்னு வெச்சுக்குவோம். ஆன் ஆகாது, சார்ஜும் ஏறாது. ஆனா உள்ளே இருக்கும் மெமரி கார்டை உருவி வேற போன்ல போட்டா? போட்டோ, பாட்டு எல்லாம் அப்படியே வந்து நிக்கும். போன்தான் செத்துப்போச்சு, கார்டு சாகலை.

பாக்டீரியாக்கள் மனுஷன் பூமிக்கு வர்றதுக்கு ரொம்ப முன்னாடியிருந்தே இந்த வேலையைச் செய்துகிட்டு இருக்கு. பக்கத்தில் செத்துக் கிடக்கும் இன்னொரு பாக்டீரியாவின் கார்டை எடுத்துத் தன் உடம்புக்குள்ளே செருகிக்கொள்ளும். அடுத்த நிமிஷத்திலிருந்து செத்தவனின் திறமை இவனுக்கு. அந்தக் கார்டு என்ன பொருளால் ஆனது என்று கண்டுபிடித்தவர்தான் ஆஸ்வால்ட் ஏவரி. ப்ளஸ் டூ உயிரியல் புத்தகத்தில் ஏவரி, மெக்லியாட், மெக்கார்ட்டி என்று மூன்று பெயர்கள் ஒரே மூச்சில் வருமே, அதில் முதல் ஆள். இரண்டு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணி, எழுதி, மறந்தும் போயிருப்பீங்க. அந்த இரண்டு மார்க்குக்குப் பின்னால் ஒரு மனிதரின் முப்பது வருஷம் இருக்கிறது.

கார்னெட் வாசித்த பையன்

1877-ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் நகரில் பிறந்தார் ஏவரி. அப்பா பாப்டிஸ்ட் சபைப் போதகர். ஏவரிக்குப் பத்து வயசு இருக்கும்போது குடும்பம் நியூயார்க்குக்கு வந்தது. ஏழைகளும் புதிதாகக் குடியேறியவர்களும் நெருக்கியடித்து வாழ்ந்த லோயர் ஈஸ்ட் சைடு பகுதியில் அப்பாவுக்குச் சர்ச் பொறுப்பு. பையன் கார்னெட் என்ற ஊதுகருவியைக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச் படிக்கட்டில் நின்று வாசித்து, தெருவில் போகிறவர்களை உள்ளே வரவைப்பது அவன் வேலை. 1892-ல் அண்ணனும் அப்பாவும் அடுத்தடுத்து இறந்துபோனார்கள். அப்போது ஏவரிக்கு வயசு பதினைந்துகூட நிறையவில்லை.

கல்லூரியில் அவர் படித்தது அறிவியல் இல்லை. இலக்கியம், மேடைப்பேச்சு என்றுதான் போனது. அப்புறம் திடீரென்று மருத்துவம். 1904-ல் கொலம்பியாவில் டாக்டர் பட்டம் வாங்கி, சில காலம் நோயாளிகளைப் பார்த்தார். அந்தக் காலத்து டாக்டர் பிழைப்பு எப்படி என்றால், நாள்பட்ட நுரையீரல் நோயோடு வருகிறவருக்கு ஆறுதல் சொல்லலாம், பெரிதாக வேறொன்றும் செய்ய முடியாது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. 1907-ல் புரூக்ளினில் இருந்த ஹோக்லாண்ட் ஆய்வகத்தில் சேர்ந்துவிட்டார்.

அங்கே ஆரம்பத்தில் அவர் ஆராய்ந்த விஷயங்களில் ஒன்று என்ன தெரியுமா? தயிர். பாலைப் புளிக்கவைக்கும் பாக்டீரியாக்கள்!

அந்தத் தயிரிலேயே பாக்டீரியாவின் குடும்ப வாழ்க்கையைப் பார்த்துவிடலாம். வெதுவெதுப்பான பாலில் ஒரு ஸ்பூன் தயிரை விட்டால் காலையில் பாத்திரம் முழுக்கத் தயிர். அந்த ஒரு ஸ்பூனில் இருந்தவைதான் ராத்திரி பூரா இரண்டு இரண்டாகப் பிளந்து பெருகுகின்றன. ஆண் இல்லை, பெண் இல்லை. ஒரு செல் தன் டி.என்.ஏ-வை இன்னொரு பிரதி எடுக்கும், கொஞ்சம் நீளும், நடுவில் சுவர் எழுப்பும், இரண்டாகப் பிரியும். அவ்வளவுதான். குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குச் சாப்பாடும் சூடும் சரியாகக் கிடைத்தால் இதற்கு 20 நிமிஷம் போதும். அதே வேகத்தில் எட்டு மணி நேரம் போனால் ஒன்று ஒரு கோடியே 67 லட்சம் ஆகும்.

இப்படிப் பிறக்கும் பிள்ளைகள் எல்லாம் அம்மாவின் அச்சுப் பிரதி. எப்போதாவது பிரதி எடுக்கும்போது ஓர் எழுத்துப் பிழை விழும், அதுதான் வித்தியாசம். ஏவரி ஆய்வகத்துக்குள் நுழைந்த காலத்தில் விஞ்ஞானிகளும் ஏறத்தாழ இப்படித்தான் நினைத்தார்கள். ஒரு வகை பாக்டீரியா என்றால் கடைசி வரை அதே வகைதான்.

சர்க்கரைப் போர்வை

1913-ல் நியூயார்க்கின் ராக்ஃபெல்லர் இன்ஸ்டிட்யூட் மருத்துவமனை ஏவரியை எடுத்துக்கொண்டது. அவருக்குக் கொடுத்த எதிரி, நிமோனியா. பென்சிலின் வராத காலம் அது. கொத்துக்கொத்தாக ஆட்களைக் கொன்ற நோய். அதற்கு முக்கியக் காரணமான கிருமி நியூமோகாக்கஸ்.

ஆள் எப்படி இருப்பார்? குள்ளம், ஒல்லி, வழுக்கைத் தலை, மூக்கில் கண்ணாடி. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. டோஷே என்ற சக ஆய்வாளரோடு ஒரே வீட்டில் பல வருஷம் குடியிருந்தார். வெளியூர்க் கூட்டங்களுக்கு அதிகம் போக மாட்டார். ஒரு காலத்தில் மேடைப்பேச்சு படித்தவர்தான், ஆனால் பேச்செல்லாம் ஆய்வகத்துக்குள்ளேதான். அங்கே எல்லோருக்கும் அவர் ஃபெஸ். புரொஃபசர் என்பதன் செல்லச் சுருக்கம்.

நியூமோகாக்கஸ் ஒரு போர்வை போர்த்திக்கொண்டு வரும். உடம்பின் காவல்காரச் செல்களுக்கு அது சட்டென்று பிடிகொடுக்காது. போர்வை உள்ள கிருமியைத் தட்டில் வளர்த்தால் வழுவழுவென்று மின்னும். போர்வையை இழந்தது சொரசொரப்பாகத் தெரியும். அதனால் எலியைக்கூடக் கொல்ல முடியாது. இந்தப் போர்வையிலும் பல ரகம். ஒன்றாம் வகைக்குக் குதிரையிடமிருந்து எடுத்த சீரம் இரண்டாம் வகைக்கு உதவாது. அதனால் நோயாளி வந்ததும் முதல் கேள்வி, எந்த வகை? உயிர் பிழைப்பதே அந்தப் பதிலில் இருந்தது.

அந்தப் போர்வை எதனால் ஆனது என்று வேதியியலாளர் ஹைடல்பெர்கரோடு சேர்ந்து 1923-ல் ஏவரி சொன்னார். சர்க்கரை. அதாவது சர்க்கரை மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. பலர் நம்பவில்லை. உடம்பு ஒரு கிருமியை அடையாளம் காணும் அளவுக்கு நுணுக்கமான விஷயம் புரதத்தில்தான் இருக்க முடியும், உங்க சாம்பிளில் எங்கேயோ துளி புரதம் ஒட்டியிருக்கும் என்றார்கள். இந்தப் பதிலை ஞாபகம் வெச்சுக்குங்க. இருபது வருஷம் கழித்து இதே பதில் மறுபடி வரப்போகிறது.

நடுவில் ஒரு ருசியான கிளைக்கதை. இந்தச் சர்க்கரைப் போர்வையைத் தின்னும் பாக்டீரியா ஏதாவது மண்ணில் இருக்காதா என்று தேடினார் அவருடைய இளம் சகா ரெனே டுபோ. நியூ ஜெர்சியில் கிரான்பெர்ரி விளையும் ஒரு சதுப்பு நிலத்து மண்ணில் அது கிடைத்தது. அதன் நொதி மூன்றாம் வகைப் போர்வையை மட்டும் கச்சிதமாகக் கரைத்தது. போர்வை போன கிருமியை எலியின் உடம்பு சுலபமாக முடித்துவிட்டது. இந்த நொதியும் பின்னால் கதைக்குள் வரும்.

லண்டனிலிருந்து ஒரு அதிர்ச்சி

1928-ல் லண்டனிலிருந்து ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர் ஃபிரெடெரிக் கிரிஃபித், ஏவரியைப் போலவே கூச்ச சுபாவி. அவர் செய்தது இது. போர்வை இல்லாத, உயிருள்ள, ஆபத்தில்லாத கிருமி கொஞ்சம் எடுத்தார். இன்னொரு வகையைச் சேர்ந்த, போர்வை உள்ள கிருமியைச் சூடாக்கிக் கொன்று, இரண்டையும் கலந்து எலிக்கு ஊசி போட்டார். தனித்தனியாகப் போட்டால் எலிக்கு ஒன்றும் ஆகாது. சேர்த்துப் போட்டதும் எலி செத்தது. அதன் ரத்தத்தில் போர்வையோடு உயிருள்ள கிருமிகள். போர்வை யாருடைய ரகம்? செத்தவனுடைய ரகம்!

ஏவரிக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசிச்சுப் பாருங்க. வகை மாறாது என்ற அஸ்திவாரத்தில்தான் அவரது பதினைந்து வருஷ வேலை நிற்கிறது. சீரம் சிகிச்சையும் அதே அஸ்திவாரத்தில்தான். வகை மாறும் என்றால் எல்லாமே ஆட்டம் காணும். அவர் நம்பவில்லை. எங்கேயோ கலப்படம் நடந்திருக்கும் என்றே நினைத்தார்.

நம்பியது அவர் ஆய்வகத்தில் இருந்த மார்ட்டின் டாசன். அவர் அதே சோதனையைச் செய்து பார்த்தார், பலித்தது. அப்புறம் எலியே இல்லாமல் சோதனைக் குழாயிலும் பலித்தது. பின்னால் வந்த அலோவே இன்னும் ஒரு படி போனார். செத்த கிருமிகளை உடைத்து, வடிகட்டி, முழு செல் ஒன்றுகூட இல்லாத சாற்றை மட்டும் ஊற்றினார். அப்போதும் வகை மாறியது. ஆக அந்தச் சாற்றுக்குள் ஏதோ ஒரு பொருள் இருக்கிறது.

கண்ணெதிரே தன் ஆய்வகத்திலேயே நடந்ததை மறுக்கிற ஆள் இல்லை ஏவரி. அப்போது அவருக்குத் தைராய்டு கோளாறு, அறுவை சிகிச்சை வரை போனது. தேறி வந்ததும் தன் பழைய நம்பிக்கையைக் கவிழ்த்த அதே பொருளைத் தேடுவதையே முழு வேலையாக்கிக்கொண்டார். என்னைக் கேட்டால், அவர் வாழ்க்கையின் பெரிய விஷயம் 1944-ல் வந்த முடிவு இல்லை, இந்தத் திருப்பம்தான். ஐம்பது வயசைத் தாண்டி, பேரும் புகழும் வந்தபிறகு, தனக்கு எதிரான சாட்சியைத் தானே தேடிப் போகிறவர்கள் ரொம்பக் குறைவு.

குச்சியில் சுற்றிக்கொண்ட நூல்

முதலில் காலின் மெக்லியாட் கூட இருந்தார். 1941-ல் அவர் வேறு பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போக, அந்த இடத்துக்கு இளைஞர் மெக்லின் மெக்கார்ட்டி வந்தார்.

வேலை சும்மா இல்லை. ஒரு தடவைக்கு 75 லிட்டர் வரை கொலைகாரக் கிருமியை வளர்க்கணும். அதைப் பிரித்தெடுக்க, பெரிய அளவில் திரவங்களைப் பிரிக்கும் ஷார்பிள்ஸ் மெஷினைக் கொண்டுவந்தார்கள். அது ஓடும்போது கண்ணுக்குத் தெரியாத கிருமித் தூறலைக் காற்றில் தெளித்துக்கொண்டே இருக்கும்! நிமோனியா கிருமியை மூச்சில் இழுக்க யாருக்கு ஆசை? மெஷினைச் சுற்றி இறுக்கமாக ஒரு பெட்டி கட்டி, அதற்குள்தான் ஓட்டினார்கள்.

அப்புறம் கழிக்கும் வேலை. பித்த உப்பு போட்டு செல்களை உடைத்தார்கள். குளோரோஃபார்ம் சேர்த்துக் குலுக்கிப் புரதத்தை நீக்கினார்கள். சதுப்பு நிலத்து பாக்டீரியாவின் அந்த நொதியைப் போட்டுச் சர்க்கரைப் போர்வையைக் கரைத்தார்கள். மிஞ்சிய தெளிந்த திரவத்தில் ஆல்கஹாலை மெதுவாக ஊற்றிக் கிளறினால், வெள்ளை நூல் மாதிரி ஒன்று திரண்டு, கிளறுகிற கண்ணாடிக் குச்சியில் சுற்றிக்கொள்ளும். 75 லிட்டரிலிருந்து கிடைத்தது 10 முதல் 25 மில்லிகிராம்.

அந்த நூல்தான் கார்டு. 60 கோடிப் பங்கில் ஒரு பங்காகக் கரைத்தாலும் கிருமியின் வகையை மாற்றியது. புரதத்தைத் தின்னும் நொதி போட்டார்கள், ஒன்றும் ஆகவில்லை. ஆர்.என்.ஏ-வைத் தின்னும் நொதி போட்டார்கள், அப்போதும் வேலை செய்தது. டி.என்.ஏ-வைச் சிதைக்கும் நொதி உள்ள சாறு போட்டதும் சக்தி போய்விட்டது.

அந்தக் காலத்தில் டி.என்.ஏ-வை யாரும் பெரிதாக மதிக்கவில்லை. நான்கே நான்கு எழுத்து, அதுவும் ஒரே வரிசையில் திரும்பத் திரும்ப வருவது, அதில் என்ன தகவல் இருக்க முடியும் என்ற எண்ணம். இப்படிச் சொன்ன லெவீன் அதே ராக்ஃபெல்லரில் வேலை பார்த்தவர்தான். ஜீன் என்றால் புரதம் என்று படித்தவர்கள் உலகத்தில் ஏவரி மட்டும் நூலை வைத்துக்கொண்டு நின்றார்.

1943 மே மாதம் நாஷ்வில்லில் இருந்த தம்பி ராய்க்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். ராயும் பாக்டீரியா ஆராய்ச்சியாளர். ஓய்வுபெறும் வயசு வந்துவிட்டது, தம்பி வீட்டுப் பக்கம் போய்விடுவதாகத்தான் திட்டம். ஏன் இன்னும் வர முடியவில்லை என்று விளக்குகிற கடிதம் அது. இந்தப் பொருள் ஜீன் மாதிரியே நடந்துகொள்கிறது என்று அதில் மனம் திறந்தார். கூடவே அவசரப்பட்டு ஊருக்குச் சொல்லக் கூடாது, முதலில் தன்னைத்தானே திருப்திப்படுத்தணும் என்றும் எழுதினார்.

1944 பிப்ரவரி 1-ம் தேதி கட்டுரை வெளியானது. தம்பியிடம் பேசிய துணிச்சலில் பாதிகூட அதில் இல்லை. இந்த வகை மாற்றத்துக்குக் காரணம் டி.என்.ஏ என்பதற்கு ஆதாரங்களை அடுக்கினார். இதுதான் ஜீன் என்று அடித்துச் சொல்லவில்லை. கிரிஃபித் இதைப் படிக்க உயிரோடு இல்லை. 1941-ல் லண்டன் மேல் விழுந்த ஜெர்மன் குண்டுகளில் இறந்துபோயிருந்தார்.

புரதம் கலந்திருக்கும் சார்!

அந்தப் பழைய பதில் வந்தது. உங்க டி.என்.ஏ-வில் துளி புரதம் ஒட்டியிருக்கும், வேலை செய்வது அதுதான். இதை உரக்கச் சொன்னவர் ஆல்ஃபிரட் மிர்ஸ்கி. அவரும் ராக்ஃபெல்லர் ஆள்தான், பெரிய பெயர் வேறு. சர்க்கரை விஷயத்தில் ஏற்கெனவே இதே வாதத்தைச் சந்தித்து ஜெயித்தவர் ஏவரி. ஆனால் சண்டைக்குப் போகவில்லை. மெக்கார்ட்டி சுத்தமான டி.என்.ஏ நொதியைத் தயாரித்துச் சோதனையை இன்னும் இறுக்கினார். பதில் ஆய்வகத்திலிருந்துதான் வந்தது, மேடையிலிருந்து இல்லை.

1945-ல் லண்டன் ராயல் சொசைட்டி தன் உயரிய விருதான காப்ளி பதக்கத்தை அவருக்கு அறிவித்தது. வாங்க ஏவரி போகவில்லை. சங்கத் தலைவர் சர் ஹென்றி டேல் நியூயார்க் வந்து கொடுக்க வேண்டியதாயிற்று. நோபல்? பலமுறை அவர் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. இன்னும் உறுதியாகட்டும் என்று குழு காத்திருந்தது. 1952-ல் ஹெர்ஷியும் சேஸும் வைரஸை வைத்து டி.என்.ஏ-தான் என்று காட்டினார்கள், மறு வருஷம் வாட்சனும் கிரிக்கும் ஏணி வடிவத்தைச் சொன்னார்கள். 1955 பிப்ரவரி 20 அன்று நாஷ்வில்லில் ஏவரி இறந்தார். காத்திருந்தவர்களுக்கு உறுதியான நேரத்தில் கொடுக்க ஆள் இல்லை. பின்னாளில் நோபல் தரப்பிலேயே இதற்காக வருத்தப்பட்டிருக்கிறார்கள். ஹெர்ஷிக்கு 1969-ல் கிடைத்தது.

ஏவரியின் அடக்கம்தான் அவருக்கு நோபலைக் கெடுத்தது என்று சிலர் எழுதுவார்கள். எனக்கு அது பாதி நியாயமாகத்தான் படுகிறது. புரியவேண்டியவர்களுக்கு அந்தக் கட்டுரை புரிந்தே இருந்தது. சார்காஃப் அதைப் படித்துவிட்டுத் தன் ஆய்வகத்தையே டி.என்.ஏ பக்கம் திருப்பினார். நான்கு எழுத்தும் ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருகிறது என்ற லெவீன் கணக்கு அவரால்தான் உடைந்தது.

இன்னொருவர் 19 வயசு மாணவர், ஜோஷுவா லெடர்பர்க். 1945 ஜனவரியில் கட்டுரையைப் படித்தார். செத்த பாக்டீரியாவிடமிருந்து எடுக்க முடியும் என்றால், உயிருள்ளவை ஒன்றுக்கொன்று கொடுத்துக்கொள்ளாதா என்று கிளம்பினார். அடுத்த வருஷமே டேட்டமோடு சேர்ந்து ஈ.கோலையில் அதைக் காட்டினார். இரண்டு செல்கள் ஒட்டிக்கொள்ள, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு டி.என்.ஏ போகிறது. 1952-ல் அவரும் மாணவர் சிண்டரும் மூன்றாவது வழியையும் கண்டுபிடித்தார்கள். பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ், போகிற போக்கில் ஒரு வீட்டின் துண்டை எடுத்து அடுத்த வீட்டில் போட்டுவிடும், கொரியர் பையன் பார்சலை மாற்றிக் கொடுத்த மாதிரி.

பெருகுவது ஒரு வேலை, பரிமாறிக்கொள்வது வேறு வேலை என்பதை இங்கே கவனியுங்க. பிளந்து பெருகும்போது எண்ணிக்கை கூடும், சொத்து அம்மாவிடமிருந்து மட்டும் வரும். பரிமாற்றத்தில் எண்ணிக்கை கூடாது, ஆனால் சொத்து பக்கத்து வீட்டிலிருந்தும் வரும். அந்தச் சொத்து மருந்தை முறியடிக்கும் ஜீனாக இருந்தால்? 1950களின் ஜப்பானில் வயிற்றுக்கடுப்புக் கிருமி ஒரே சமயத்தில் நான்கு மருந்துகளுக்கு அசையாமல் நின்றது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத்துப் பிழைக்குக் காத்திருக்கவில்லை. ஒட்டிக்கொள்ளும் முறையில் மொத்தமாக வாங்கியிருந்தது.

ஏவரியின் நியூமோகாக்கஸும் சும்மா இல்லை. நம் மூக்கிலும் தொண்டையிலும் பல நேரம் தொல்லை தராமல் குடியிருக்கும் அது, அக்கம்பக்கத்துச் சொந்தக்காரக் கிருமிகளின் டி.என்.ஏ துண்டுகளைப் பொறுக்கித்தான் பென்சிலினைச் சமாளிக்கக் கற்றுக்கொண்டது. இரண்டு இழையில் ஒன்றை உள்ளே இழுக்கும், மற்றதை உடைத்துப் போட்டுவிடும். செத்தவன் கிடைக்கிற வரைக்கும் காத்திருக்காமல், பக்கத்தில் இருப்பவனை உடைத்து எடுக்கிற பழக்கமும் உண்டு. சரியான ரவுடி!

ஏவரி விட்டுப்போன இன்னொன்று உங்க வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். சர்க்கரைப் போர்வையை ஒரு புரதத்தோடு கோத்துக் கொடுத்தால் உடம்பு அதை நன்றாக அடையாளம் கண்டுகொள்ளும் என்று 1930-ஐ ஒட்டி அவரும் கோபலும் காட்டினார்கள். குழந்தைகளுக்குப் போடும் நியூமோகாக்கல் தடுப்பூசி அதே தத்துவத்தில்தான் வேலை செய்கிறது. இந்தியாவில் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் 2017-ல் சில மாநிலங்களில் தொடங்கி, 2021-ல் நாடு முழுக்க வந்தது. ஆறு வாரம், 14 வாரம், ஒன்பது மாதம். அக்கா குழந்தையின் தடுப்பூசி அட்டையில் பி.சி.வி என்று இருக்கிறதா, பாருங்க.

ராக்ஃபெல்லர் வளாகத்தில் 1965-ல் ஏவரி பெயரில் ஒரு நுழைவாயில் கட்டினார்கள். அந்தக் கட்டுரையைப் படித்துவிட்டுக் கிளம்பிய லெடர்பர்க் 33 வயசில் நோபல் வாங்கினார். பின்னர் 1978 முதல் 1990 வரை அதே ராக்ஃபெல்லருக்குத் தலைவராக இருந்தார்.